நான்காவது கம்பி

கிட்டாரில் புல்லாங்குழல் வாசிப்பது சுலபம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் மேசைமேல் இருக்கும் இந்தப் பெட்டியைக் கிட்டாரோடு வயர் போட்டு இணைத்தால் போதும், கம்பியைத் தட்டினால் குழலும் வயலினும் கொட்டும் என்று கடைக்காரன் அளந்திருக்கிறான். என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, வாயைப் பிளந்துகொண்டு வாங்கி வந்துவிட்டான்.

ஓர் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் பன்னிரண்டு வருஷம் சேர்ந்து வாசித்தோம். அவன் கிட்டார், நான் கீபோர்டு. பெட்டி வந்த மூன்றாவது வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். எல்லாச் சத்தமும் தம்பியிடமே வருகிறதே, கீபோர்டு இடத்தை அடைக்கிறதே என்று இழுத்தார். மறுநாள் நான் உட்காரும் இடத்தில் ஒரு மேசை போட்டு, நாலு பேர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் எனக்காக மன்றாடினான், அதை மறைக்க மாட்டேன். அவன் மன்றாடியதில் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. தூணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலும் கிடைத்தது. எனக்கு வருத்தமில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டியோடு வந்த புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவன் அட்டையைக்கூடத் திருப்பவில்லை. நான் மூன்று முறை படித்தேன். கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் ஒரு பட்டை இருக்கிறது பாருங்கள், அது ஆறு கம்பியையும் தனித்தனியாக ஒட்டுக்கேட்கிறது. எந்தச் சுரம் என்று கண்டுபிடித்துப் பெட்டிக்குச் சொல்கிறது. தடித்த கம்பி மெதுவாக அதிரும், அதனால் அந்தச் சுரம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். வாசிப்பவன் ஒரு இழை முந்தி வாசிக்கப் பழக வேண்டும். விரல் சும்மா உரசினாலும் அதையும் ஒரு சுரம் என்று நம்பிவிடும். வெறும் கிட்டாரில் காதில் விழாத உரசல், இதில் குழல் சத்தத்தில் கீச்சென்று வெளியே வரும். மாமியார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொன்னதோடு சொல்லாததும் அதற்குக் கேட்கும்.

எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கம்பிக்கும் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். அந்த வேலைதான் எனக்கு.

மைத்துனனிடம் ஒழுங்கு போதாது என்று எனக்கு ஓர் அபிப்பிராயம். கைதட்டல் கேட்டால் தலைகால் புரியாது. கொஞ்சம் அடக்கம் வரட்டும் என்றுதான் ஒரு சாயங்காலம் நான்காவது கம்பியை மட்டும் இரண்டு புள்ளி கூட்டி வைத்தேன். அன்றைக்குக் குழல் மூன்று இடத்தில் விக்கியது. சூப் குடித்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நிகழ்ச்சி முடிந்ததும் பழையபடி குறைத்துவிட்டேன். வீட்டில் அவன் வாசித்தபோது ஒரு பிசிறு இல்லை.

இப்படியே நான்கு மாதம். மேடையில் விக்கும், வீட்டில் விக்காது. அவன் பெட்டியைச் சந்தேகப்படவில்லை. பெட்டி என் பொறுப்பில் இருந்ததே, என்னை எப்படிச் சந்தேகப்படுவான். ஒருநாள் கையை என் முன்னால் நீட்டினான்.

"அத்தான், வீட்ல நல்லாத்தான் வருது. அங்க போய் உக்காந்தா விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. நடுங்குதா, பாருங்களேன்."

நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

"உங்கப்பாவுக்கும் இப்படித்தாண்டா ஆரம்பிச்சுது" என்றேன்.

என் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம். டம்ளரைப் பிடிக்க முடியாது. நான் இல்லாததைச் சொல்லவில்லை.

அதற்குப்பின் அவன் தினமும் எட்டு மணி நேரம் பயிற்சி செய்தான். நான் செய்யச் சொல்லவில்லை. மணிக்கட்டு வீங்கியது. முதல் டாக்டர், இது நடுக்கமே இல்லை, ஒரு மாதம் கிட்டாரைத் தொடாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார். ஓய்வெடுங்கள் என்று சொல்வதற்கு ஒரு டாக்டர் எதற்கு? கத்தி வைக்கிற டாக்டராகத் தேடி நான்தான் அழைத்துப்போனேன். விரல் மடங்காமல் போகவும் வாய்ப்பிருக்கிறது என்று தாளில் அச்சடித்திருந்தது. நான் எதையும் முழுக்கப் படிக்கிறவன். படித்துவிட்டு, உறவினர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு விரல் மடங்கவில்லை. பதினைந்து நாள் நான்தான் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டேன் என்பதையும் நீங்கள் எழுதவில்லை போலிருக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் அவன் ஓட்டலில் கடைசியாக வாசித்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் பெட்டியை அப்படியே மூடி எடுத்துவந்தேன். நான்காவது கம்பியைக் குறைக்க மறந்துவிட்டேன். நான் செய்த தவறு என்றால் அது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் கிட்டாரை மடியில் வைத்துப் பெட்டியைப் போட்டான். கட்டுப் போட்ட இடது கை சோபாவின் கைப்பிடியில் கிடந்தது. வலது கையால் நான்காவது கம்பியை ஒரே ஒரு தரம் தட்டினான். குழல் விக்கியது. மறுபடி தட்டினான். மறுபடியும் விக்கியது. இடது கை விரல் ஒன்றுகூடக் கம்பியில் இல்லை. தன் கைக்கட்டைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். மேசை துடைத்துக்கொண்டிருந்த என் மனைவியும் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். உங்களிடம் வந்து சொன்னது அவள்தான். நல்ல காது அவளுக்கு, சங்கீதக் குடும்பம்.

ஓட்டலில் மேசையை எடுத்துவிட்டுக் கீபோர்டைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. ஒழுங்கு என்று முதலில் சொன்னேனே, அதுவும் அவ்வளவு சரியில்லை. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், நான்கு மாதம் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். அந்த விரல்கள் ஒரு தடவைகூடத் தப்பு செய்ததில்லை. நானும் எவ்வளவோ காத்திருந்து பார்த்தேன்.