எந்த ஸ்டாப்பில் இறங்குவாய்?

நேர்காணலுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொல்வேன். பயந்திருக்கும் பிள்ளையிடம் கேள்வி கேட்பது முறையல்ல.

கும்மிடிப்பூண்டிக்கு அருகில் உள்ள எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் ஓர் இலவச இடம் உண்டு. விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் பள்ளியின் செலவு. எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல். சாதி, தகப்பன் பெயர், முகவரி எதுவும் தேர்வுக்குழுவின் கண்ணில் படக்கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தவன் நான். நிர்வாகத்தில் நீங்கள் எல்லோரும் அதைப் பாராட்டினீர்கள்.

தண்ணீர் குடித்ததும் நான் ஒன்று கேட்பேன். "பஸ்ஸில் எந்த ஸ்டாப்பில் இறங்குவாய்?" பதற்றம் குறையத்தான்.

இந்தப் பக்கத்தில் பல ஊர்களுக்கு இரண்டு நிறுத்தங்கள். ஒன்று ஊர், ஒன்று காலனி. அந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை.

காலனி என்பவர்கள் பெரும்பாலும் தரையைப் பார்த்துச் சொல்வார்கள். தன்னம்பிக்கை போதாது என்று குறைத்துப் போட்டேன். ஒருவன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான். அவனிடம் பணிவு போதவில்லை.

இந்த ஆண்டு ஷைனி வந்தாள். எழுத்துத் தேர்வில் முதலிடம். முன்பு வந்து போனவர்கள் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நான் கேட்டு முடிப்பதற்குள் "ஊர் ஸ்டாப்பு சார்" என்றாள். ஊர்ப் பிள்ளைகள் அப்படிச் சொல்வதில்லை. "ஸ்டாப்பா? எதுக்கு சார்?" என்று சிரிப்பார்கள்.

நேர்மைக்கு அவளுக்குப் பூஜ்ஜியம் போட்டேன்.

உடன் இருந்த கிரேஸ் டீச்சர் விடவில்லை.

"பொய்யின்னு எப்டி சார் தெரியும்? நீங்க இன்னா அந்த பஸ்ல கண்டக்டரா?"

அனுபவம் என்றேன்.

இடம் அன்புசெல்வனுக்குப் போனது. நல்ல பையன். ஸ்டாப் கேள்விக்குச் சிரித்தவன்.

மறுநாள் ஷைனியின் அப்பா அந்தோணி பள்ளி வாசலில் நின்றார். உருக்காலையில் ஷிப்ட் முடித்து, சீருடையோடு வந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோகு தான? தேசப்பன் மாமா மவன்?"

நான் காவலாளியைத் தேடினேன்.

"என்கூட காலனி ஸ்டாப்புல எறங்கவே மாட்டியே. ஊர் வரிக்கும் போயி, திரும்பி நடந்துகினு வருவ. 'செருப்பு தேயுதே, புதுசு உன் மாமனாரா வாங்கித் தருவான்?'னு உங்க நைனா கத்துவாரே." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நம்ம புள்ளன்னு தெரிஞ்சேவா பண்ண?"

ஆள் மாறிப் பேசுகிறீர்கள் ஐயா என்றேன். காவலாளியை விட்டுத் திருப்பி அனுப்பினேன். தண்ணீர் கொடுத்த பிறகுதான்.

ஷைனி இப்போது கம்பெனி வேனில் பேக்கிங் வேலைக்குப் போகிறாளாம். வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை.

கிரேஸ் டீச்சர் புகார் கொடுத்திருக்கிறார். அதனால் நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன். அந்தோணி ஆள் மாறிப் பேசவில்லை. ஷைனி அறைக்குள் நுழைந்தபோதே அவர் சாடை தெரிந்தது. காலனிப் பிள்ளை ஒன்று விடுதிக்கு வந்தால் ஞாயிறுதோறும் பார்க்க ஆள் வரும். அவர்களில் யாராவது ஒருவர் என்னை லோகு என்று கூப்பிடுவார். ஒவ்வோர் ஆண்டும் அதற்காகத்தான் குறைத்தேன்.

என் கேள்வியும் புதிதல்ல. இதே அறையில் என்னிடம் கேட்கப்பட்டதுதான். நானும் கேட்டு முடிப்பதற்குள் ஊர் ஸ்டாப்பு என்றேன். அவர்கள் நம்பினார்கள்.

ஒன்றை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு இடம் கிடைத்தது அந்தப் பதிலால் அல்ல. எழுத்துத் தேர்வில் நான்தான் முதலிடம்.