பர்னபிக்கு ஏற்றவிருந்த மெழுகுவத்தி

“...அதத்தாம்மா சொல்றேன். செத்துப்போச்சுன்னு நாம அழுதோம்னா, அது செத்திருக்கணும். அதுதான் மரியாதை. நாலரை மாசம் ஊரையே அழ வெச்சுட்டு, செவ்வாக்கிழமை காலைல தோட்டத்துல நின்னு ப்ரிம்ரோஸ் பூவைத் தின்னுக்கிட்டிருந்தா நான் யாரு மொகத்துல முழிக்கிறது?”

வில்ஃப்ரெட் த்வெய்ட் இந்தப் பேச்சை எப்போது தொடங்கினார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஓட்லி தேவாலயக் கூடத்துக்குள் அவர் நுழைந்தபோதே பாதி வாக்கியத்தில் இருந்தார். வளர்ப்புப் பிராணியைப் பறிகொடுத்தவர்களுக்கான ஆறுதல் வட்டம் அங்கே வியாழக்கிழமைதோறும் நான்கு மணிக்குக் கூடும். மணி இன்னும் மூன்றரைதான். வட்டமாகப் போட்ட பன்னிரண்டு நாற்காலிகளில் இரண்டில்தான் ஆள் இருந்தது. ஒன்றில் அவர். பக்கத்து நாற்காலியில் இன்று புதிதாக வந்திருந்த ஒரு பெண்மணி, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், தேநீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புதிதாக வருபவரிடம் எதை இழந்தீர்கள் என்று கேட்கக் கூடாது, அவராகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்பது வட்டத்தின் விதி. வில்ஃப்ரெட்டுக்கு மிகவும் பிடித்த விதி அது. கேட்க வேண்டியதில்லை என்றால் மிச்ச நேரம் முழுவதும் தானே பேசலாம். அவளுடைய காலணியில் இருந்த சேற்றைப் பார்த்து, நாய் வளர்த்தவள் என்று தமக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டார்.

அவருடைய சங்கடம் இதுதான். மாதத்தின் கடைசி வியாழன் மெழுகுவத்தி நாள். இன்று அவருடைய ஆமை பர்னபியின் முறை. வட்டத்தை நடத்தும் ஜாய்ஸ் மெழுகுவத்தி ஏற்றுவாள், பதினோரு பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்தப் பதினோரு பேரும் நவம்பரில் கையெழுத்துப் போட்டு அவருக்கு இரங்கல் அட்டை கொடுத்தவர்கள். கிளியைப் பறிகொடுத்த ஒருவர், “பர்னபி: அவசரப்படாதவன்” என்று கல்லில் செதுக்கியே கொடுத்திருந்தார். அந்தக் கல்லின் மேல்தான் இப்போது பர்னபி ஏறி வெயில் காய்கிறது.

“உண்மையச் சொல்லிட்டா இங்க எனக்கு என்னம்மா வேலை? உயிரோட இருக்கற ஆமைக்காக யாரும் நாற்காலி போட மாட்டாங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் வேற எங்க போவேன்? சொல்லலேன்னா, அவங்க கண்ண மூடிக்கிட்டு நிக்கும்போது நான் எங்க பாக்கறது... ம்? இல்ல, நீங்க டீயக் குடிங்க. ஆறிடும்.”

பிறகு பேச்சு, அவர் பள்ளியில் உயிரியல் நடத்திய முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குத் தாவியது. ஒவ்வொரு ஆண்டும் முள்ளெலி, வௌவால், ஆமை என்று கரும்பலகையில் வரைந்து, குளிர்காலத்தில் இவை தூங்கும், சாகாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். அடிக்கோடிட்டதை எழுதாதவனுக்கு அவர் மதிப்பெண் போட்டதே இல்லை. அங்கிருந்து பேச்சு அக்கா மியூரியலிடம் போயிற்று. ஆமை உண்மையில் அவளுடையது. ஒவ்வொரு குளிர்காலமும் அதை ஒரு டப்பாவில் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் தூங்கப்போடுவாள். பியர் வைக்க இடமில்லை என்பதற்கு மேல் தம்பி அதைப் பற்றி யோசித்ததில்லை. போன கோடையில் மியூரியல் தன் அறுபத்தேழாம் வயதில் ஒரு பல் மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டு போர்ச்சுகலுக்குப் போய்விட்டாள்.

“போறப்ப நாலு பக்கம் எழுதி வெச்சுட்டுப் போனாம்மா, ஆமைய எப்படிப் பாத்துக்கணும்னு. படிச்சேனே. சிவப்புப் பேனாவோட படிச்சேன். பத்தொம்பது எடத்துல எழுத்துப்பிழை. பத்துக்கு ஆறு போட்டு போர்ச்சுகலுக்கே திருப்பி அனுப்பினேன். உள்ள என்ன எழுதியிருந்தான்னு கேளுங்க. தெரியாது.”

அவள் கேட்கவில்லை. ஆனால் கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். இது போதும் அவருக்கு.

“நவம்பர் எட்டாந்தேதி பின்னறைக்குப் போறேன், ஒரே குளிரு. பர்னபி அசையல. கண்ணு மூடியிருக்கு. காலைத் தொட்டா கல்லு. மூக்குக்கிட்ட கண்ணாடி வெச்சுப் பாத்தேன், ஆவியே படியல. டாக்டர்கிட்ட போகலாமேன்னு தோணல... நமக்குத்தான் எல்லாம் தெரியுமே. பழைய ஸ்வெட்டர்ல சுத்திப் பொதைச்சேன். இடுப்பு வலி, ஒரு அடிக்கு மேல தோண்ட முடியல. அந்த இடுப்பு வலிதாம்மா அதக் காப்பாத்துச்சு. என் படிப்பு இல்ல.”

அவள் மெல்ல ஏதோ கேட்டாள்.

“நாலரை மாசம்தான், மண்ணுக்குள்ள. நல்லாருக்கே. கொஞ்சம் எளைச்சிருக்கு. என்னப் பாத்தா மட்டும் தலைய உள்ள இழுத்துக்குது, அது நியாயம்தான்... ஏம்மா, மொகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாயைப் புதைத்துவிட்டு வந்தவளிடம், என் பிராணி பிழைத்துவிட்டதே என்று அரை மணி நேரம் புலம்பியிருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் வாயெடுப்பதற்குள் அவள் கோப்பையைத் தரையில் வைத்தாள். அது சாய்ந்து உருண்டது. குடையையும் கைப்பையையும் விட்டுவிட்டு, கார்ச்சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள். வெளியே சரளைக்கல் சிதற ஒரு கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

துக்கம் சொல்ல வந்தவளையே பேசித் துரத்திய பெருமையுடன் வில்ஃப்ரெட் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஜாய்ஸ் மெழுகுவத்தியும் பிஸ்கட் தட்டுமாக உள்ளே வந்தாள். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆமை பிழைத்ததை, மூன்று நாளாக மறைத்ததை, இப்போது ஒரு பெண்மணியை ஓட வைத்ததை. வழக்கமாக ஒரு மணி நேரம் பிடித்திருக்கும். நான்கு வாக்கியத்தில் முடிந்தது. இனி இந்த நாற்காலி எனக்கில்லை என்றால் புரிந்துகொள்வேன் என்று ஐந்தாவதாகவும் ஒன்று சேர்த்தார்.

ஜாய்ஸ் தட்டை மேசைமேல் வைத்தாள். இருபது ஆண்டுகளாகப் பிறர் துக்கம் கேட்டவளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியும். பிறகு பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள்.

“அப்ப வெண்டி வந்துட்டுப் போயிட்டாங்களா? பாவம், அவங்கள நீங்க பாக்கணும்னுதான் இன்னிக்கு வரச் சொன்னேன். அத்தை விட்டுட்டுப் போன ஆமையாம். பிப்ரவரில பொதைச்சிருக்காங்க. உங்கள மாதிரியே...”

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இழந்துவிடுவோமோ என்று இரண்டு ராத்திரி தூங்காமல் கவலைப்பட்ட நாற்காலியை வில்ஃப்ரெட் இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். கோட்டின் ஒரு கைதான் ஏறியிருந்தது.

“போன் பண்ணுங்க ஜாய்ஸ். மண்வெட்டி வேண்டாம்னு சொல்லுங்க. கரண்டியால தோண்டச் சொல்லுங்க.”