செனட்டரின் மனைவி

“செனட்டர் நேற்றுத் தோத்துப்போனார்.”

நான் பத்திரிகையை மடித்துவைத்தேன். லண்டன் ரயிலில், ஈஸ்ட் ஹாமில் ஏறிய கணவனும் மனைவியும் எதிரே இருந்தார்கள். கணவரின் மடியில் நூலகப் புத்தகம். பழைய அமெரிக்க செனட்டர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. மாலை வகுப்பில் படிப்பவர் மனைவி. வேலை ஷிப்டால் அவருக்கு வாசிக்க நேரமில்லாததால் கணவர் வாசித்துச் சொல்கிறார் என்று பேச்சில் விளங்கியது.

“ஏன் தோத்தவர்?”

“முதலாம் உலகப்போருக்குப் போகவேண்டாம் எண்டு வாக்குப் போட்டவரெல்லே. சனம் மறக்கேல்லை.”

“பாவம். அவரின்ரை மனுசி என்ன சொன்னவ?”

“மனுசியைப் பற்றி இதிலை ஒரு வரியும் இல்லை.”

“அப்ப, பேசப்போற பேச்சை முதல் அவவுக்குத்தான் வாசிச்சுக் காட்டுவார் எண்டு போன கிழமை சொன்னீங்கள்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது நான் சேர்த்தது.”

“நான் அதைக் கட்டுரையிலை எழுதிக் குடுத்திட்டன்.”

“டீச்சர் என்ன சொன்னவ?”

“அந்த இடம்தான் நல்லாயிருக்கு எண்டு எழுதியிருக்கிறா.”

ரயில் நின்றது. மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“இண்டைக்கு வேலை முடிஞ்சு வர ஆறு மணியாகும். அதுக்குள்ளை மனுசியைப் பற்றி இன்னும் கொஞ்சம் வாசிச்சு வையுங்கோ.”