நோம்புக்குக் கொட்டின மணல்

நஸீறா: அப்ப மீன் குடல வேற எங்க கொட்டச் சொல்றாய்?

ஸப்னா: குழி வெட்டிப் புதைங்க ராத்தா. நோம்புக்கெண்டு கடல் மணல் ஏத்தி வாசல் நிறையக் கொட்டி வச்சிரிக்கம். உங்கட பூனையெல்லாம் அதிலதான் வந்து பேலுதுகள்.

நஸீறா: ஊர்ப் பூனையெல்லாம் எப்பகா என்ட பூனையாப் போச்சு?

ஸப்னா: கடற்கரையில கிடந்ததுகளக் கூப்பிட்டுத் தீன் போடுறது ஆரு?

நஸீறா: பேண்டாலும் மணலால மூடிட்டுத்தானே போகுதுகள். மனிசர விடச் சுத்தம்.

ஸப்னா: மூடுறதுதான் பயம். தெரியாமக் கைய வச்சா...

நஸீறா: வருசா வருசம் மணல் கொட்டுறம். வருசா வருசம் பூனை வருது. இந்த வருசம் மட்டும் என்ன புதுப் பயம்?

ஸப்னா: இவருக்குப் பூனை ஒத்து வராது. ஒரே தும்மல்.

நஸீறா: உன்ட புருசன் மிஹ்லாருக்கா? நேத்துத்தான் வெள்ளைக் குட்டிய மடியில வச்சுக்கிட்டுப் பிளேன்டீ குடிச்ச மனிசன்!

ஸப்னா: அது நேத்து. இண்டைக்குத்தான் தும்மல் துவங்கின.

நஸீறா: பொய்! உள்ளதச் சொல்லு.

ஸப்னா: மிட்வைப் மிஸ் சொன்ன... பூனைப் பீயில ஒரு கிருமி இரிக்காம். மணலுக்குள்ள மாசக் கணக்கில சாகாமக் கிடக்குமாம்.

நஸீறா: புள்ளத்தாச்சியளப் பாக்கிற மிஸ்ஸுக்கு உன்னோட என்ன கதை?

ஸப்னா: சும்மா... றோட்டில கண்டு...

நஸீறா: ஸப்னா!

ஸப்னா: மூணு மாசம் ராத்தா.

நஸீறா: அல்ஹம்துலில்லாஹ்! அடியேய், எனக்கு ஏன்கா ஒளிச்சாய்?

ஸப்னா: உங்கட முகத்தப் பாத்து எப்பிடிச் சொல்ற? போன வருசம் உங்கட புள்ள வயித்திலயே மவுத்தாகி... இன்னும் வருசம் திரும்பல்ல.

நஸீறா: அதுக்கு? உன்ட புள்ளக்கி நான் பெரியம்மா இல்லயா?

ஸப்னா: அழுறீங்க ராத்தா.

நஸீறா: அழுதா அழுறன். நீ அதப் பாக்காத.

ஸப்னா: அப்ப பூனையள...

நஸீறா: கலைச்சா அடுத்த வாசலுக்குப் போகும். அங்கயும் ஒரு புள்ளத்தாச்சி இரிப்பா. மணலத்தான் எடுக்கணும். நான் வந்து அள்ளுறன். நீ வாசல்ல இறங்காத.

ஸப்னா: சும்மா இரிங்க! நீங்க அள்ளினா உங்களுக்கும் அந்தக் கிருமி தொத்தாதா? நாளைக்கு உங்களுக்கும் ஒரு புள்ள...

நஸீறா: எனக்கு ஒருக்கா வந்து போயிட்டு. இனி ஒண்டும் செய்யாதாம், டொக்டர் சொன்ன. போன வருசம் என்ட புள்ள போனதே அதாலதான்கா... உம்மாட்டச் சொல்லிப்போடாத. பூனையள அடிச்சே சாகடிச்சுப்போடுவா.