கண்ணாடியின் உள்பக்கம்

ஐஸ் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கியதும் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது சார். ஆடி அசைந்து வந்த கம்ப்ரசர் அரை மணி நேரமாவது சும்மா இருக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கும் இது புரியாது. "சீக்கிரம் போடுப்பா" என்று பறப்பார்கள். நான் போட மாட்டேன். நெல்லித்தோப்பில் இருபத்திரண்டு வருஷமாகப் பிணத்துக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற சவரிராயன் நிதானமான ஆள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவனைப் பார்த்தால் எல்லோரும் பேயைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எனக்குத் தெரிந்தவரை விஷயம் ரொம்ப எளிது. செத்தவர்களுக்குக் காது கேட்காது. உடம்பு காலியாகக் கிடந்தால் வேறொரு ஆவி வந்து குடியேறிவிடும். வந்தது யார் என்று அதன் வாயாலேயே பெயரைச் சொல்ல வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்றதெல்லாம் சினிமாக்காரர்கள் கட்டிவிட்டது.

என் மனைவி ஆனந்தமேரி செத்த நாளிலிருந்து சொல்கிறேன். அன்று காலையில் டீ ஆறிப்போயிருந்தது. ஒரு அறை விட்டேன். எங்கள் வீட்டில் அது ஒன்றும் புதிதில்லை. அவள் பின்தலை சமையல் மேடை விளிம்பில் பட்டுவிட்டது. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மூக்கருகே விரலை வைத்தேன், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஆயிரம் பிணம் பார்த்தவனுக்கு இன்னொருத்தர் வந்து சொல்ல வேண்டுமா?

ரத்தத்தைத் துடைத்து, நல்ல புடவை போர்த்தி, கூடத்தில் இருந்த பெட்டியில் படுக்க வைத்தேன். மாரடைப்பு என்றேன். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு துக்க மணி அடிக்கச் சொல்லக் கோயிலுக்கு ஓடினாள்.

அப்போது நானும் ஆனந்தமேரியும் மட்டும்தான். மூடியைச் சாத்துவதற்கு முன்னால் அவளிடம் கொஞ்சம் மனம்விட்டுப் பேசினேன். உயிரோடு இருந்தபோது பேச முடியாத விஷயம் அது. அவளுடைய தம்பி லூர்துபிரகாஷ் போன வருஷம் காரைக்காலிலிருந்து வந்தான். அவள் முதுகைப் பார்த்துவிட்டான். "அக்காவ இனிமே இங்க வுட மாட்டேன் மாமா, நாளைக்கே கூட்டிகினு போறேன்" என்றான். இருபத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்தியவனிடம் நேற்று முளைத்த பையன் பேசுகிற பேச்சா அது? இருந்தாலும் நான் கோபப்படவில்லை. பேசிக்கொள்ளலாம் வா என்று நோணாங்குப்பத்து ஆற்றுக்கு அழைத்துப் போனேன். படகுத் துறையைத் தாண்டி, ஆள் இல்லாத இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினோம். முடியைப் பிடித்து அமுக்கினேன். பலசாலிப் பையன், நேரம் பிடித்தது. என் கழுத்துச் சங்கிலியைப் பற்றி இழுத்ததில் சிலுவை அறுந்து சேற்றோடு போய்விட்டது. நீச்சல் தெரியாதவன் முழுகிப்போனான் என்று ஊர் நம்பியது. அவனுக்கும் என் பெட்டிதான்.

இதையெல்லாம் அவள் காதோரம் குனிந்து, சிலுவை போனதுவரை சொன்னேன். மனப்பாரம் இறங்கியது. மூடியைச் சாத்திவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

குஞ்சம்மாள் திரும்பி வந்து முகம் பார்க்கக் குனிந்தாள். "அண்ணே, கண்ணாடில பனி பூக்குது பாரு" என்றாள். எப்போதும் பூப்பதுதான் என்றேன். அவள் முந்தானையால் துடைத்தாள், போகவில்லை. "அய்யோ அண்ணே, இது உள்பக்கமா பூக்குது!" என்று கத்திக்கொண்டே மூடியைத் தூக்கிவிட்டாள்.

தெருவே வில்லியனூர் மாதா செய்த புதுமை, அற்புதம் என்றது. அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். நாடி அடங்கிக் கிடந்தது, உயிர் போகவில்லை என்று டாக்டர் என்னென்னவோ விளக்கினார். எனக்கு இருந்த கவலை வேறு. நானே பார்த்துச் செத்துப்போனவள். அந்த உடம்பில் இப்போது கண் விழித்திருப்பது யார்? அவள் பேசவும் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மதியம், ஒரு அடக்கத்தை முடித்துக்கொண்டு பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்தேன். வண்டி போய்விட்டது. அவள் கையில் பையோடு நின்றாள். எங்கே என்று கேட்டேன்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு" என்றாள். வாய் திறந்துவிட்டது. "எந் தம்பி தலைய எம்மா நேரம் அமுக்கிப் புடிச்சிருந்தே? சேத்துல போன சிலுவைய அப்பால தேடுனியா?"

யோசித்துப் பாருங்கள் சார். அந்தச் சிலுவை போனது எனக்கும் செத்தவனுக்கும் மட்டுமே தெரியும். அதோடு, ஆனந்தமேரி ஒரு நாளும் என்னை 'நீ' என்று சொன்னவள் இல்லை, 'நீங்க'தான். மரியாதை இல்லாமல் பேசியவன் அவன். "வுடு மாமா" என்பதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. அவளுக்குள் வந்திருப்பது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

கதவைத் தாழிட்டேன். முதலில் ஜெபமாலையை அவள் கழுத்தில் போட்டேன். அலறவில்லை, எடுத்து முத்தமிட்டாள். நான் ஏமாறவில்லை. ஞானஸ்நானம் வாங்கிய ஆவிக்கு ஜெபமாலை எப்படி உறுத்தும்? பெட்டியை வண்டியில் கட்டுகிற இரண்டு பெல்ட்டில் ஒன்றை எடுத்தேன். நீ யார், பெயரைச் சொல் என்றேன். "ஆனந்தமேரி" என்றது. ஆவி முதலில் பொய்தான் சொல்லும். மறுபடியும் கேட்டேன். கேட்டுக் கேட்டு அடித்தேன். பெல்ட்டின் கொக்கி பட்டு உதடு கிழிந்தது, இரண்டு பல் தரையில் விழுந்தது, ஒரு கண் மூடிக்கொண்டது. கை தூக்கித் தடுத்தபோது மணிக்கட்டில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அப்போதும் அதே பெயர். என் பொறுமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் தரையில் கிடந்தபடி, "பிரகாஷு... பிரகாஷு..." என்று அழுதது.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தூக்கிப் பெட்டியில் போட்டேன். விளிம்பைப் பிடித்துக்கொண்டது. மூடியை விரல்கள் மேலேயே இறக்கினேன், உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டு பெல்ட்டையும் குறுக்கே போட்டு இறுக்கினேன். சுவிட்சில் கை வைத்தபோதுதான் ஞாபகம் வந்தது, பெட்டி வண்டியிலிருந்து இறங்கி ரொம்ப நேரம் ஆகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து முழங்காலால் இடித்தது, முறியாத கையால் தட்டியது. "மூச்சு முட்டுதுங்க" என்றது. மாட்டிக்கொண்டதும் 'ங்க' போட்டுப் பேச எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். அரை மணி நேரம் முழுசாகக் காத்திருந்துதான் போட்டேன். உள்பக்கம் பூத்திருந்த பனி மெல்ல மெல்லச் சுருங்கி, ஒரு ரூபாய்க் காசு அளவாகி, அப்புறம் இல்லாமல் போனது. அதற்குள் குஞ்சம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிட்டுவிட்டாள்.

அன்று காலையில் அவள் மயக்கத்தில் கிடந்தபடியே நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்கிறீர்கள். அப்படி இருக்க வழியில்லை சார். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் என் பெட்டியில் உயிருள்ள ஆள் யாரும் படுத்ததில்லை. ஆனந்தமேரி படுத்த இரண்டு தடவையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.