இடது தோள் துண்டு

தரை துடைப்பது யாருக்கும் தெரிந்த வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்துக் காட்டியபோது நீங்களும் அப்படித்தான் என்று புரிந்தது. 'ஈரத் துண்டை மாற்றி எடுத்த தரைப் பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். போட்டால் மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பீர்கள், அதோடு விவகாரம் முடிந்துவிடும். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஐயா. ஆனாலும் கவனக்குறைவு என்ற அந்த ஒரு வார்த்தைக்குக் கீழே நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

பத்தொன்பது வருடமாக இந்தக் கல்லூரி உள்ளரங்கின் மரத்தரை என் பொறுப்பில் இருக்கிறது. எந்தப் பலகை மழைக்காலத்தில் உப்பும், எந்த இடத்தில் பந்து அரை விரல் குறைவாக எழும்பும் என்பதெல்லாம் என் உள்ளங்காலுக்குத் தெரியும். ஆட்டத்தின் நடுவே யாராவது விழுந்து வேர்வை தரையில் படிந்தால், நடுவர் விசில் ஊதிவிட்டு என்னைத்தான் பார்ப்பார். நான் ஓடிப்போய்த் துடைத்து, வலது கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் ஆட்டம் தொடரும். கோச் கத்தட்டும், கூட்டம் கூவட்டும், என் கை எழும்வரை பந்து நகராது. அந்தக் கையை நான் ஒருநாளும் விளையாட்டாகத் தூக்கியதில்லை.

துண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வலது தோளில் காய்ந்த துண்டு. இடது தோளில் பிழிந்த ஈரத் துண்டு. ரத்தம், ஒட்டிக்கொண்ட அழுக்கு என்றால் முதலில் ஈரம், பிறகு காய்ந்தது. வேர்வைக்குக் காய்ந்தது மட்டும்தான். வேர்வையை ஈரத் துண்டால் துடைத்தால் அது போகாது, பரவும். கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தரையில் தங்கிவிடும். தேங்கி நிற்கும் ஈரத்தை ஆட்டக்காரன் பார்த்து ஒதுங்கிக்கொள்வான். ஆளைச் சாய்ப்பது அந்தப் படலம்தான். இந்தக் கணக்கு என்னைத் தவிர என் மகன் ஒருவனுக்குத்தான் தெரியும். விவரம் தெரிந்த நாள் முதல் இந்த அரங்கில் வளர்ந்தவன் அவன்.

இதே கல்லூரி அணியில் நான்கு வருடமாக இருக்கிறான். இருக்கிறான் என்றால் பெஞ்சில் இருக்கிறான். அவன் ஆடவேண்டிய இடத்தில் கொக்கு ஆடுகிறான். நீளக் கால்களை வைத்து அந்தப் பையனுக்கு எல்லோரும் வைத்த பெயர் அது. கோச் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். என் மகனுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், பெஞ்சு. கோச்சும் அப்படித்தான் கூப்பிடுவார். இவன் வாயில் விரல் வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன். கூப்பிட்டதும் ஓடுவான்.

கொக்கைப் பற்றித் தவறாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் மகனின் உயிர் நண்பன். வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். தேசியக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்துப் போட்டி இந்த முறை எங்கள் அரங்கில் என்று முடிவானதும், நான் தரைக்கு மெருகு போட்டுக்கொண்டிருப்பதைப் பற்றிச் சாப்பிடும்போது பேச்சு வந்தது. அப்போது அவன் சொன்னான்.

"தரை அது பாட்டுக்கு இருக்கட்டும் மாமா. முதல்ல நம்ம பெஞ்சுக்குப் பாலிஷ் போடுங்க. நாலு வருஷமா ஒரே இடத்துல கிடக்குது."

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி சிரித்தாள். என் மகன்தான் அதிகம் சிரித்தான், புரையேறும்வரை. நானும் சிரித்தேன். பிறகு கை கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். மறுநாள் மகனிடம் கேட்டபோது, "அவன் சும்மா சொன்னான்பா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றான். பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பெற்றவனுக்குத் தெரியாதா?

பதினாறு கல்லூரிகள், ஆறு நாள் போட்டி. எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அதுவரை என் மகன் களத்தில் நின்றது மொத்தம் நான்கு நிமிடம். அதுவும் ஜெயிப்பது உறுதியான பிறகு. இறுதி ஆட்டத்தன்று காலையில் கோச்சின் அறைக்குப் போனேன். படிப்பு முடிகிறது, இதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம், ஒரு பத்து நிமிடம் இறக்கிவிடுங்கள் என்று கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் நான் கேட்ட ஒரே விஷயம்.

"ஃபைனல்ல தர்மம் பண்ணச் சொல்றீங்களா?" என்றார் அவர். கையில் இருந்த தாளிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

தர்மம் என்ற வார்த்தையை அவர்தான் சொன்னார். நான் கேட்டது நியாயம். அது கிடைக்காத இடத்தில் நானே எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மாலை நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது பகுதியில் மூன்றரை நிமிடம் மீதி இருக்கும்போது, எதிரணிக்காரன் ஒருவன் கூடைக்கு இடப்பக்கம் மல்லாந்து விழுந்தான். எழுந்தபோது அவன் முதுகளவுக்கு வேர்வை. நடுவர் என்னைப் பார்த்தார். கொக்கு எப்போதும் இடப்பக்கமாக ஓடிவந்து, ஒரே பலகையில் இடது காலை ஊன்றித்தான் எம்புவான். அந்தப் பலகையில் அவன் ஷூ விடும் கறுப்புத் தடத்தை நான்கு வருடமாகத் தேய்த்து எடுப்பவன் நான். வேர்வை விழுந்திருந்தது அதே பலகையில்தான். இனி இப்படி ஒரு இடம் அமையாது என்று தோன்றியது.

இடது தோள் துண்டை எடுத்தேன். அவசரப்படவில்லை. ஓரத்திலிருந்து உள்ளே, எப்போதும் துடைப்பது போலவே துடைத்தேன். எழுந்து, துண்டைத் தோளில் போட்டு, வலது கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற கொக்கு, "தேங்க்ஸ் மாமா" என்றான். ஒவ்வொரு முறையும் சொல்வான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவன் கைக்குப் பந்து வந்தது. நான் எதிர்பார்த்தது கணுக்கால். மிஞ்சிப்போனால் முழங்கால். ஆனால் அவன் ஓடிவந்த வேகம் அதிகம். இடது கால் வழுக்கி, தலை முன்னால் போக, கூடைக் கம்பத்தின் அடிப்பாகம்வரை சறுக்கிப் போனான். கம்பத்துக்கு மெத்தை உறையைக் காலையில் நான்தான் இறுக்கிக் கட்டியிருந்தேன். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கழுத்து மடங்கியதற்கு மெத்தை என்ன செய்யும்? தோளுக்குக் கீழே இனி அசைவு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

கொக்கை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்து கோச் என் மகனைக் கூப்பிட்டார். பெஞ்சு என்று கூப்பிடவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான்கு வருடத்தில் முதல் முறை. அதை என் காதால் கேட்டேன்.

என் மகன் நேராக என்னிடம் வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது தோளிலிருந்து காய்ந்த துண்டை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பலகையின் முன் மண்டியிட்டுத் துடைத்தான். ஓரத்திலிருந்து உள்ளே, நான் சொல்லிக்கொடுத்தபடியே. பிறகு நான் கை தூக்கக் காத்திருக்காமல் தன் கையைத் தானே தூக்கினான். திரும்பி வந்து என் இடது தோள் துண்டையும் உருவிக்கொண்டு போய்த் தன் பையில் வைத்தான். இத்தனை பதற்றத்திலும் தொழிலை மறக்கவில்லை பாருங்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பதின்மூன்று நிமிடம் ஆடினான். ஒருமுறைகூடக் கூடையைப் பார்த்துப் பந்தை எறியவில்லை. வந்த பந்தையெல்லாம் அடுத்தவனுக்கே கொடுத்தான். பெருந்தன்மை அவனுக்குப் பிறவியிலேயே உண்டு. பதினோரு புள்ளியில் தோற்றோம். அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. ஆட்டத் தாளின் நகல் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அவன் பெயருக்கு நேரே பதின்மூன்று என்று இருக்கிறது. அதை இனி எந்தக் கோச்சும் அழிக்க முடியாது.

ஏழு வாரமாக அவன் வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொக்குக்குச் சோறு ஊட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருக்கிறானாம். நண்பனுக்கு ஒன்று என்றால் விடமாட்டான், வளர்ப்பு அப்படி. மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாள்.

ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள். தரைப் பணியாளராகிய நான், முழு நினைவோடு, காய்ந்த துண்டு வலது தோளில் இருக்கும்போதே ஈரத் துண்டை எடுத்து, குறிப்பிட்ட பலகையை, குறிப்பிட்ட ஆளுக்காகத் துடைத்தேன். மறுபடியும் அதே இடம், அதே நேரம் அமைந்தால் அதையேதான் செய்வேன். என் பிள்ளைக்காகச் செய்தேன். இதற்குக் கீழே எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.

உங்கள் மேசையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கும் துண்டு என்னுடையதுதான். இடது தோள் துண்டு. என் மகன் கொண்டுவந்து கொடுத்தான் என்றீர்கள். வேறு என்ன சொன்னான் என்று நான் கேட்டேன். நீங்கள் கொஞ்சம் தயங்கிவிட்டு, அவன் சொன்னதை அப்படியே படித்தீர்கள்.

"எங்கப்பாவுக்குத் தரை விஷயத்துல கை தவறாது சார். ஒரு நாளும் தவறினதே இல்ல."

கேட்டீர்களா ஐயா? பெற்ற தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளை இதைவிடப் பெருமையாக என்ன சொல்லிவிட முடியும்?