மதலேனம்மாள் வீட்டுப் போன்

பழைய செம்புக் கம்பிப் போனுக்கு வீட்டில் கரண்ட் வேண்டியதில்லை. இப்போது வரும் பைபர் போனுக்கு வேண்டும். சொன்னால் பலர் நம்புவதில்லை, சார். மோடம் அணைந்தால் போனும் செத்துவிடும். அதனால்தான் மோடத்தோடு ஒரு சின்ன பேட்டரிப் பெட்டியைச் சேர்த்து மாட்டுகிறோம். நல்ல பேட்டரி ஐந்தாறு மணி நேரம் தாங்கும்.

தேவிகுளத்துக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட் பக்கத்தில் பதினாறு வருடமாகக் கேபிள் வேலை பார்க்கிறேன். மழை பிடித்தால் லைனில் மரம் விழும், கரண்ட் போகும். அந்தப் பள்ளத்தில் மொபைலும் எடுக்காது. வீட்டுப் போன் ஒன்றுதான் வழி.

மதலேனம்மாள் கொளுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே தனியாக இருக்கும் சின்ன வீட்டில் ஒருவராகவே இருந்தார். இருதயக் கோளாறு உண்டு. ஒரே மகள் சோனா குவைத்தில் நர்ஸ். அவள்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சிஜு அண்ணே, கரண்டு போனாலும் அம்மா போன் போகக்கூடாதுண்ணே. நெஞ்சு வலிச்சா அவங்க யாரக் கூப்பிடுவாங்க?"

"நான் பாத்துக்கிடுதேன்மா" என்றேன். அந்த வாரமே நல்ல பேட்டரி ஒன்றை மாட்டினேன். நான்கு மாதம் ஒரு குறையும் வரவில்லை.

குறை வராததால் என்னைக் கூப்பிட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் போன் செத்ததும் அந்த அம்மா லயத்து ஆள் யாரிடமாவது சொல்லி அனுப்புவார். நான் போவேன். கட்டன் காப்பியும் வேகவைத்த கப்பைக் கிழங்கும் வைப்பார். வேலை முடிந்த பின்பும் உட்காரச் சொல்வார். நான் தனியாக இருப்பவன், சார். அந்த நாற்காலி எனக்குப் பழகிவிட்டது.

மே மாதம், தூசி துடைக்க வந்ததாகச் சொல்லி, நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம்கூடத் தாங்காத பழையது ஒன்றை வைத்தேன். வாக்குமூலத்தில் அதைத் திருட்டு என்று நீங்கள் எழுத வேண்டாம். நல்லதை விற்கவில்லை, என் பையிலேயே இருந்தது.

அதன்பின் கரண்ட் போகும்போதெல்லாம் ஆள் வந்தது. நான் போய் எதையாவது திருகிவிட்டு, கரண்ட் வரும்வரை பேசிக்கொண்டிருப்பேன்.

"ஒன்னய விட்டா எனக்கு யாருய்யா இருக்கா?" என்பார்.

அப்படி ஒரு வார்த்தையை எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

ஜூலையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குக் கரண்ட் போனது. சாப்பிட்டுவிட்டு அறையிலேயே காத்திருந்தேன். ஆள் வரவில்லை. இரண்டு மணியானது. யாரும் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூன்று மணிக்கு நானே கிளம்பினேன்.

கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. போன் மேஜைக்குக் கீழே அவர் கிடந்தார். ரிசீவர் பக்கத்தில் தொங்கியது. முகம் வேர்த்திருந்தது, மூச்சு இருந்தது.

"சிஜு, எத்தன தடவ அமுக்கிட்டேன். போகல்லியேய்யா."

"இப்ப சரியாயிரும்மா" என்றேன்.

லயத்து ஆட்கள் எல்லாரும் கொளுந்துக் காட்டில் இருந்தார்கள். ஆனால் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஆபீஸ் இருநூறு அடிதான். அங்கே ஜீப் நின்றதை வரும்போதே பார்த்திருந்தேன். ஓடியிருக்கலாம். என் புத்தி வேறு பக்கம் போனது. ஆட்கள் வந்தால் போன் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பார்கள். சோனா கேட்பாள். பதினாறு வருடத்துப் பெயர். பையைத் திறந்து நல்ல பேட்டரியை எடுத்தேன். பழையதைக் கழற்றிப் பையில் போட்டேன். நல்லதை மாட்டினேன். மோடம் எழுந்து நிற்க மூன்று நிமிடம் பிடிக்கும். விளக்கு பச்சையானபோது மணி மூன்று பன்னிரண்டு. கம்பெனியிலிருந்து நீங்கள் வாங்கி வைத்திருக்கும் லைன் பதிவிலும் அதுதான் இருக்கும். அதற்கு முன் சோனா இருபத்து மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்ததாகப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ரிசீவரைக் காதில் வைத்தேன். டோன் தெளிவாக வந்தது.

திரும்பினால், அந்த அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஒன் பையிலயாய்யா இருந்துச்சு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

ரிசீவரை அதன் இடத்தில் வைத்தேன். என் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடுவித்துக்கொள்ளப் பார்த்தார், பலம் இல்லை. ஏறக்குறைய இருபது நிமிடம். அதற்குள் ஒரு முறை போன் அடித்தது. சோனாவாகத்தான் இருக்கும். அடித்து ஓயும்வரை இருந்தேன்.

மூச்சு நின்ற பிறகு மஸ்டர் ஆபீசுக்குப் போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள்.

இதையெல்லாம் நான் மறைக்கவில்லை, சார். ஒன்றை மட்டும் சோனாவிடம் சொல்லிவிடுங்கள். அவள் அம்மா தனியாகச் சாகவில்லை. கடைசிவரை நான் கூடவே இருந்தேன்.